ஐம்பது வெள்ளைத் தாள்கள்

அக்டோபர் 5, ஞாயிறு

வருடப் பிறப்புக்குப் பேரூராட்சித் தலைவருக்கென்று ஒன்பது டைரிகள் வந்தன. எட்டை என் வீட்டுக்காரர் தன் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். உரக்கடைக்காரர் கொடுத்த இந்த ஒன்று மட்டும் பீரோவுக்கு அடியில் விழுந்து கிடந்திருக்கிறது. இன்று பெருக்கும்போது கிடைத்தது. ஒன்பது மாதப் பக்கங்கள் வீண். பரவாயில்லை, அந்த ஒன்பது மாதமும் எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

தலைவர் நான்தான். தாழங்காட்டூர் பேரூராட்சித் தலைவர், திருமதி கு. தமயந்தி. எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. பதவி பெண்ணுக்கு என்று ஒதுக்கியதால் என்னை நிறுத்தினார்கள். ஊரில் அவரைத்தான் ‘சேர்மன்’ என்று கூப்பிடுகிறார்கள். நான் ‘சேர்மன் வீட்டம்மா’.

ஞாயிறு என்றால் எனக்குக் கறிக்குழம்பும் கையெழுத்தும். பேரூராட்சி பெயர் அச்சடித்த லெட்டர்பேடில் ஐம்பது வெற்றுத் தாள்களை மேசையில் வைப்பார். ஒவ்வொன்றிலும் கீழே வலது பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். மேலே என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அதை அந்த வாரத்தில் தேவைக்குத் தகுந்தபடி அவர் நிரப்பிக்கொள்வார். முத்திரையும் அவரிடம்தான் இருக்கிறது.

“நீ ஏம்மா வெயில்ல அலையணும்? வீட்டுலேர்ந்தே எல்லாம் முடிஞ்சிடுதுல்ல” என்பார். கோபமாக ஒரு நாளும் சொன்னதில்லை. அன்பானவர்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

மிளகாய் காயவைத்தேன். தூறல் வந்தது, எடுத்தேன். வெயில் வந்தது, மறுபடியும் காயவைத்தேன். மதியத்துக்கு மேல் மழையே வந்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

மாவட்டத் தலைநகரில் பயிற்சியாம். பருவநிலை மாறிக்கொண்டே போகிறதே, அதற்கு ஒவ்வொரு பேரூராட்சியும் என்ன செய்யப்போகிறது என்று திட்டம் எழுதித் தர வேண்டும். வழக்கம்போல் அவரே போவதாக இருந்தார். ஆபீசிலிருந்து போன் வந்தது: பெண் தலைவர்கள் நேரில் வந்தால்தான் வருகைப் பதிவாம்.

“சரி வா, சும்மா ஒக்காந்துட்டு வரலாம்” என்றார். நான் அந்த ஊதாப் பட்டுச் சேலையை எடுத்து வைத்தேன். பயிற்சிக்குப் பட்டு எதற்கு என்று அப்புறம்தான் தோன்றியது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

அரங்கத்தில் என்னைப்போல் இருபத்திரண்டு தலைவிகள். பக்கத்தில் இருபத்திரண்டு வெள்ளைச் சட்டைகள். பயிற்சி கொடுக்க வந்த பெண் மைக்கைப் பிடித்ததும் சொன்ன முதல் வார்த்தை, “தலைவர்கள் மட்டும் உள்ள இருங்க. கூட வந்தவங்க வெளிய டீ சாப்பிடலாம்.” யாரும் எழுந்திருக்கவில்லை. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் தாங்கள்தான் தலைவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தெளிவாகச் சொன்னபிறகு ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அனல், குடிநீர், மரம், குப்பை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்ன ஊர் நிர்வாகம்கூட எவ்வளவோ செய்யலாம், அதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது என்றாள். ஊர் முழுகும் அவசரம் என்றால் மன்றக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், தலைவரே முன் அனுமதி எழுதிக் கொடுத்து வேலையைத் தொடங்கலாம் என்றாள். முன் அனுமதி எனக்குத் தெரிந்த வார்த்தைதான். அலங்கார வளைவு, தெருவிளக்கு எல்லாம் அப்படித்தான் வந்தன என்று அவர் போனில் பேசும்போது கேட்டிருக்கிறேன்.

பிறகு ஆளுக்கு ஒரு பெரிய தாளும் பென்சிலும் கொடுத்தாள். “உங்க ஊர்ல விழற மழைத் தண்ணி எங்கேர்ந்து எங்க போவுதுன்னு வரைங்க.”

நான் பெரிய ஏரியை வரைந்தேன். அதன் கலங்கலை வரைந்தேன். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் கலங்கல் வழியாக ஓடையில் இறங்கும். பள்ளிக்கூடத்தின் பின்னால் போகும். ஓடைக்காரத் தெரு ஓரமாகப் போகும். அதுவரை வந்து பென்சில் நின்றுவிட்டது.

அந்தப் பெண் குனிந்து பார்த்து, “அப்புறம் எங்க போவுதும்மா?” என்று கேட்டாள்.

பென்சில் முனை உடைந்துவிட்டது என்றேன். அவள் வேறு பென்சில் கொடுத்தாள். அதற்குள் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது, நல்லவேளை.

அக்டோபர் 16, வியாழன்

ரவிக்கை கொடுக்கப் பூங்கோதை வந்தாள். என்னோடு பத்தாவது வரை படித்தவள். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோலோடு ஓடைக்காரத் தெருவில் தனியாக இருந்து தைத்துப் பிழைக்கிறாள். ஊரில் என்னை இன்னும் ‘தமா’ என்று கூப்பிடுவது அவள் ஒருத்தி.

“தமா, இந்த வருஷம் மழை ஜாஸ்தியாமே. போன தடவ மாதிரி ஆயிடுமோன்னு பக்குனு இருக்குடி” என்றாள். போன வருடம் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டார்கள். இவளால் முடியவில்லை. இரண்டு நாள் தையல் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள்தான் தூக்கினார்கள்.

“பாத்துக்கறேன்” என்றேன். யார் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்கவில்லை. கை ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, பிரித்துத் தைக்கச் சொல்லி ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன். ஐம்பது தாள் கையெழுத்து. விரல் எண்ணெய் ஒரு தாளில் பட்டு, “பாத்துப் போடும்மா” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் குளித்துவிட்டு வரும்போது இந்த டைரி அவர் கையில் இருந்தது. நடுவில் எங்கோ புரட்டினார். “என்னாது, சமையல் குறிப்பா?”

“ஆமா” என்றேன்.

“நல்லது. பொழுது போவும்” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அக்டோபர் 21, செவ்வாய்

வத்தக்குழம்புக்கு வெந்தயம் கடைசியில் போட வேண்டும்.

அக்டோபர் 23, வியாழன்

ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் இரண்டு கரண்டி.

அக்டோபர் 26, ஞாயிறு

ஐம்பது.

டைரிக்கு வேறு இடம் கண்டுபிடித்துவிட்டேன். உளுந்து டிரம்முக்குள். இந்த வீட்டில் உளுந்து எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 30, வியாழன்

மன்றக் கூட்டம். மூன்று மாதத்துக்குப் பிறகு நேரில் போனேன். தலைவர் நாற்காலியின் முதுகில் அவருடைய துண்டு கிடந்தது. அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

மொத்தம் நாற்பத்தொரு பொருள். எழுத்தர் முதல் பொருளின் முதல் வரியைப் படித்தார். பின்னாலிருந்து குரல் வந்தது: “ஆல் பாஸ்!” உறுப்பினர்கள் எல்லோரும் “ஆல் பாஸ்” என்றார்கள். வடை வந்துவிட்டது. எங்கள் ஊரில் எப்போதும் அப்படித்தான். யாரும் படிப்பதில்லை, படித்தால் வடை ஆறிப்போகும்.

நான் மட்டும் கேட்டேன், “மழைக்கு ஓடை தூர் வார்ற பொருள் எதுல இருக்கு?”

எல்லோரும் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்கள். “அதெல்லாம் அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்” என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது. என் நாற்காலியின் கைப்பிடியை மட்டும் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

வெளியே வரும்போது செயல் அலுவலர் ஆக்னஸ் அம்மாவை ஓரமாக நிறுத்திக் கேட்டேன். ஆபீசில் எல்லா வேலையும் அவர் கையால்தான் நடக்கும். ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார், எதிலும் மாட்டிக்கொள்ளாமல் போய்விட வேண்டும் என்று இருப்பவர். “ஓடைய ஏன் தொறக்க மாட்டேங்கறீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேடம், தாள்ல இருந்தா நான் செய்வேன். வாய்ல சொன்னா செய்ய மாட்டேன். முப்பத்தி நாலு வருஷமா அப்படித்தான் தப்பிச்சிட்டிருக்கேன்.”

நவம்பர் 2, ஞாயிறு

ஐம்பது. சிக்கன் சுக்கா.

நவம்பர் 9, ஞாயிறு

நாற்பத்தொன்பது. ஒரு தாளில் மை கொட்டிவிட்டது, அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒண்ணு கொறையுதே?” என்று கேட்டார். சொன்னேன். “பேனா மாத்தித் தர்றேன்” என்றார்.

நவம்பர் 13, வியாழன்

பேனா வந்தது. நீலம். விலை உயர்ந்ததாம்.

நவம்பர் 16, ஞாயிறு

பென்சில் ஏன் நின்றது என்பதை எழுதாமலே ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். உளுந்துக்குள் இருக்கிற டைரியிடம்கூட எனக்கு வெட்கம்.

ஓடைக்காரத் தெரு தாண்டியதும் ஓடைமேல் நிற்பது எங்கள் கல்யாண மண்டபம். இரண்டு வருடத்துக்கு முன் கட்டினார். வாசலில் விளக்குப் போட்டு எரியும் பெயர் ‘தமயந்தி மஹால்’. திறப்பு விழாவில் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து ரிப்பன் வெட்ட வைத்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஓடைக்குப் பதில் மண்டபத்துக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய் பதித்திருக்கிறார்கள். ஒரு ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவுதான். மண்டபத்தில் விருந்து முடிந்ததும் எச்சில் இலையெல்லாம் அதன் வாயில்தான் கொட்டுகிறார்கள். போன மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் ஓடைக்காரத் தெருவுக்குள் திரும்பிவிட்டது. அதற்கு முன்னால் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதே கிடையாது.

மண்டபத்துக்கு அனுமதி கொடுத்தது எந்தக் கூட்டம் என்று, மன்றக் கூட்டத்துக்குப் போன அன்றே தீர்மானப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். முப்பத்தொன்றாவது பொருள். “ஆல் பாஸ்.” கீழே என் கையெழுத்து.

பூங்கோதையை மேசைமேல் ஏற்றி உட்கார வைத்தது நான்தான்.

நவம்பர் 22, சனி

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். ஏரி நிறைய இன்னும் ஒரு முழம்தான். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன். “மண்டபத்துக் கிழக்கு மதிலையும் சமையல் கொட்டகையையும் எடுத்துட்டா ஓடை பழையபடி போயிடும். மண்டபத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

சோற்றில் கை நின்றது. “யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லல. நானே பாத்தேன்.”

“டிசம்பர் ஒண்ணாம் தேதி முகூர்த்தம். கொட்டகை இல்லாம எங்க சமைப்பாங்க? உனக்கு வீட்டுல என்ன கொறை வச்சேன்?” என்றார். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, என் ஸ்கூட்டியின் சாவியை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “மழையில வழுக்கும்” என்றார்.

நவம்பர் 24, திங்கள்

கட்சிக் கூட்டத்துக்குச் சென்னை போயிருக்கிறார். முத்திரையும் லெட்டர்பேடும் பீரோவில், பீரோ சாவி அவரிடம். கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு. “காலம் கெட்டுக் கெடக்கு, நீ தனியா இருக்க” என்பது காரணம். மூன்று நாளைக்குக் காய்கறி வாங்கிப் போட்டுவிட்டுத்தான் போனார்.

மழை விடவே இல்லை. மாடி ஜன்னலிலிருந்து கலங்கல் தெரியும். சாயங்காலம் வெள்ளையாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 25, செவ்வாய்

காலை எட்டு மணிக்குப் பூங்கோதை போன் செய்தாள். “தமா, முழங்காலுக்கு வந்துடுச்சி. நான் மேசைமேல ஏறிட்டேன்.” அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “போன்ல சார்ஜ் கம்மியா இருக்குடி, வச்சிடறேன்” என்று வைத்துவிட்டாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு மை கொட்டவில்லை. எந்தத் தாளையும் அடுப்பில் போடவில்லை. கையெழுத்துப் போட்ட ஒரு வெற்றுத் தாள் இந்த டைரியின் அட்டைக்குள்தான் இருந்தது. எதற்கு எடுத்து வைத்தேன் என்று அன்று கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மேலே என் கையால் எழுதினேன்: ‘மழை வெள்ள அவசரம் கருதி, தமயந்தி மஹால் கிழக்கு மதில், சமையல் கொட்டகை ஆகியவற்றை அகற்றி ஓடையைத் திறக்க முன் அனுமதி வழங்கப்படுகிறது.’ உளுந்து மாவு ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டேன். பாலிதீன் பையில் போட்டு ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி மதிலைத் தாண்டிக் குதித்தேன். நாற்பத்திரண்டு வயதில். முட்டி சிராய்ந்துவிட்டது. ஆபீசுக்கு நடந்தே போனேன்.

ஆக்னஸ் அம்மா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். “முத்திரை இல்லையே மேடம்.”

“கையெழுத்து இருக்கு.”

“சாருக்குத் தெரியுமா?”

எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “மூணு வருஷமா இந்த மாதிரி தாள்தான உங்களுக்கு வந்துட்டிருக்கு? ஒரு தடவையாவது எனக்குத் தெரியுமான்னு கேட்டீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. தாளில் தேதி போட்டு, தன் கையெழுத்தையும் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினார்.

பேரூராட்சி வேலை செய்கிற ஜேசிபி நிற்பதும் எங்கள் மண்டபத்தில்தான். ஓட்டுகிற தங்கையா வண்டியில் ஏறவில்லை. “அக்கா, சேர்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடட்டுமா?”

“சேர்மன்கிட்டதான் பேசிட்டிருக்கீங்க” என்றேன்.

மதில் மூன்றே இடியில் போய்விட்டது. கொட்டகைத் தகரம் மடங்கிச் சரிந்தது. குழாயின் வாயைப் பெயர்த்தபோது போன முகூர்த்தத்து வாழை இலைகள் கறுத்து, அட்டையட்டையாக வந்தன. அவ்வளவு நாற்றம். அதற்குப் பின்னால் தண்ணீர் கிளம்பிய சத்தத்தில் தங்கையா வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டான். நான் மழையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மண்டப வாசலில் என் பெயரின் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்குப் போன் வந்தது. “தமா, எறங்குதுடி. மிஷின் பெடல் தெரியுது.” இந்தத் தடவை அழுதாள். நானும் அழுதேன்.

நவம்பர் 26, புதன்

முட்டிக்கு மஞ்சள் பற்று. வெயில் வந்தது.

நவம்பர் 28, வெள்ளி

நேற்று வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மண்டபத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். “உன் பேரு வச்சேனேடி” என்றார். குரல் உடைந்துவிட்டது. அவருக்கு அது வெறும் செங்கல் இல்லை என்று எனக்குத் தெரியும். காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

இன்று காலை வேறு மனிதராக எழுந்தார். வக்கீலிடம் பேசியிருக்கிறார். டைப் செய்த ஒரு தாளை மேசைமேல் வைத்து, நீலப் பேனாவைத் திறந்து கொடுத்தார். நான் முதல் தடவையாக ஒரு தாளைப் படித்தேன். அவர் அதற்குப் பழக்கப்பட்டவர் இல்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். ‘25ஆம் தேதியிட்ட முன் அனுமதிக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து அல்ல. யாரோ போலியாக இட்டிருக்கிறார்கள்.’

“அந்த ஆக்னஸ் தலையில போட்டுடலாம். நீ ஒண்ணும் பயப்படாத” என்றார்.

கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்வதற்கும் என் கையெழுத்துதான் வேண்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரங்கத்தில் அடக்கிய சிரிப்பு. இந்தத் தடவை அடக்கவில்லை.

“என்ன சிரிப்பு?”

“அது என் கையெழுத்துதாங்க” என்றேன். “அது பொய்னா, மூணு வருஷமா போனதெல்லாம் என்னன்னு கேப்பாங்க.”

பேனாவை மூடி அவர் பக்கமாக நகர்த்தினேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கையைத்தான் ஓங்குவாரோ என்று ஒரு கணம் பயந்தேன். எழுந்து போய்விட்டார். வெளியே கேட்டில் பூட்டுப் போடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டியைச் சாயங்காலமே ஆள் வைத்து நகர்த்திவிட்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

என் போன் அவரிடம். முகூர்த்தக்காரர்கள் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள். அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் காலையில் ஐம்பது தாளைக் கொண்டுவந்து, எதுவும் நடக்காததுபோல மேசையில் வைத்துவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு போனார். கறி வாங்கித் தரவில்லை. கத்தரிக்காய் இருந்தது, அதையே வதக்கினேன்.

பதினோரு மணிக்குப் பூங்கோதை ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். பிரித்துத் தைத்த ரவிக்கையைக் கம்பி வழியாகக் கொடுத்தாள். “எப்படிடி இருக்க?” என்று கேட்டாள். பூட்டைப் பார்த்ததும் மேலே கேட்கவில்லை.

“கொஞ்சம் நில்லு. பக்கவாட்டுல இன்னும் புடிக்குது, எடுத்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டிய திட்டத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஐம்பதில் ஒரு தாளை எடுத்தேன். பென்சிலைச் சீவினேன். ஏரியை வரைந்தேன், கலங்கலை வரைந்தேன், ஓடையை இழுத்தேன். பள்ளிக்கூடத்தின் பின்னால், ஓடைக்காரத் தெரு ஓரமாக, இடிந்த கொட்டகை வழியாக, வயல்வெளி தாண்டி ஆறு வரைக்கும். எங்கும் நிறுத்தவில்லை. ஓடையை இனி யாரும் மூடக் கூடாது, கரையில் பனை வைக்க வேண்டும், மண்டபத்து அனுமதியை மன்றம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். ரவிக்கைக்குள் மடித்துவைத்துப் பூங்கோதையிடம் கம்பி வழியாகக் கொடுத்தேன். ஆக்னஸ் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன், சேர்ப்பாள்.

மாலையில் வந்து எண்ணுவார். நாற்பத்தொன்பது இருக்கும், எல்லாம் வெள்ளையாக. அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன தாளில் மட்டும்தான் கையெழுத்து, வழக்கம்போல் கீழே வலது பக்கம். மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.